மதுரை – கோவை, நாற்பத்து மூன்று நிமிடம், வழியில் பழனி

நடப்பதை ஒரு சாதனையாகக் கந்தவேல் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கால் இருக்கிற எவனுக்கும் வருகிற வித்தை அது என்பது அவர் கட்சி. கொடைக்கானலில் அவர் நடத்தும் லாட்ஜுக்கு மயில் ரெசிடென்சி என்று பெயர். போர்டில் ‘பள்ளத்தாக்குக் காட்சி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி தெரியும். கேட்கிறவர்களிடம், “மஞ்சு மூடியிருக்கு சார், விலகுனா தெரியும்” என்பார். லாட்ஜ் திறந்த நாளிலிருந்து மஞ்சு விலகவில்லை.

இந்த மனிதருக்கு மகளாகப் பிறந்ததை தேவசேனா ஒரு தற்செயல் என்றே வைத்திருந்தாள். மெக்கானிக்கல் படித்தவள். தற்செயல்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் இயந்திரங்களில் வாஷர் என்று ஒன்றைப் போடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வாஷர் அவள்தான்.

கந்தவேலின் அண்ணன் குருநாதன் திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அங்கிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவார். பழனி அடிவாரத்தில் சொந்தபந்தம் மொத்தமும் காத்திருந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடும். குடத்தைப் பிடித்து ஊற்றுகிற வேலை தம்பி என்ற முறையில் கந்தவேலுக்கு. காரில் வந்து இறங்கி, குடத்தை வாங்கி, அண்ணன் காலில் ஊற்றிவிட்டு, பட்டு வேட்டியில் தெறித்த சேற்றைத் தட்டிக்கொள்வார்.

இந்த வருடம் குருநாதன் கால் கொப்புளங்களை எல்லோருக்கும் காட்டி முடித்துவிட்டு, “தம்பி, நீ எப்பப்பா நடக்கப்போற? சொந்த லாட்ஜுல ரெண்டாம் மாடிக்கே ஆட்டோ தேடுற ஆளாச்சே” என்றார். பெண்டு பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மொட்டை போட வந்த பச்சைக் குழந்தைகூடச் சிரித்ததாகக் கந்தவேல் பிறகு சொன்னார்.

அந்த இடத்தில்தான் அவர் செல்போனை எடுத்தார். அதில் ஒரு இணையப் பக்கம் திறந்திருந்தது. மதுரை விமான நிலையத்துக்கும் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் நடுவே தூரம் நூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாற்பத்து மூன்று நிமிடம் என்று போட்டு, கீழே ஒரு வரைபடம். அதில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நீலக்கோடு. கோட்டின் நட்ட நடுவில், தொட்டும் தொடாமலும், பழனி.

“என் மகளுக்கு ஒரு வேலை கெடைக்கட்டும். நான் இந்த பிளைட்டுல போயி, மேலருந்தே முருகனைக் கும்பிடுறேன். இது என் வேண்டுதல்” என்றார் கந்தவேல். “நடந்து போயி கும்புடுறது எல்லாரும் செய்யுறதுதான்.”

போன் கைமாறிக் கைமாறிப் போனது. கோட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குருநாதன் மட்டும் காலை மடக்கிக்கொண்டார்.

வைகாசியில் தேவசேனாவுக்கு வேலை கிடைத்தது. கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற கம்பெனி, டிசைன் பிரிவு. தேதி குறிப்பிட்டு வரச் சொன்னார்கள். அப்பா நகரவில்லை. வேண்டுதல் நிலுவையில் கிடக்கும்போது மகள் வேலைக்கென்று வாசற்படி தாண்டக்கூடாது என்றார். அவள் கம்பெனியிடம் கெஞ்சி ஒருமுறை தேதியைத் தள்ளிவைத்தாள். இரண்டாவது முறை அவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள்: வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அந்த நாற்காலி.

அவள் எல்லா இடத்திலும் தேடினாள். மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு நேராக விமானமே இல்லை. போக வேண்டுமானால் மதுரையிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கே இறங்கி, வேறொன்றில் ஏறிக் கோயம்புத்தூர் வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு இரண்டு டிக்கெட்.

“அப்பா, அப்படி ஒரு பிளைட்டே இல்லப்பா.”

“போட்டுருக்காய்ங்கல்ல.”

“தூரம்தான் போட்டுருக்கு.”

“நேரமும் போட்டுருக்கு. ஏரோபிளேன் படமும் போட்டுருக்கு. இல்லாத பிளைட்டுக்கு எவனாவது நேரம் போடுவானா? இல்லாத பஸ்ஸுக்கு ஸ்டாண்டுல டைம் எழுதி வைப்பாய்ங்களா?”

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் அதுவும் நடப்பதுதான். ஆனால் அவள் அந்த வழியில் போகவில்லை.

“அப்பா, இங்கருந்து கோயம்புத்தூருக்கு பஸ்ஸே பழனி வழியாத்தான் போகுது. மலை முழுசா கண்ணுக்கு முன்னாடி நிக்கும். டிரைவரே ஸ்டியரிங்க விட்டுட்டுக் கும்பிடுவாரு.”

“அதான் சொல்றேன். டிரைவரே கும்பிடுவான்” என்றார் கந்தவேல். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்கிற தொனி.

அம்மா முருகேஸ்வரி அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள். “உங்கப்பா சாமிகிட்ட வேண்டியிருந்தா நான் சாமிகிட்டப் பேசியிருப்பேன். உங்க பெரியப்பாகிட்டல்ல வேண்டிட்டாரு.”

தேவசேனா அந்தப் பக்கத்தைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். அடியில், ‘எழுதியவர்: அகில், பயண வல்லுநர்’ என்று ஒரு படம். கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டி, ஒரு பேரிக்காய் மரத்தடியில் நின்றான் வல்லுநர். அந்த மரம் அவளுக்குத் தெரியும். அட்டுவம்பட்டியில் அவள் அத்தை பாப்பம்மாள் வீட்டுக் கொல்லையில் நிற்பது. வல்லுநர் அத்தையின் மகன் அகிலன். பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துப் புவியியல் எழுதியவன். இதுவரை ஒருமுறைகூட விமானத்தில் ஏறாதவன். அவனுக்கு மலைப்பாதை பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

அன்றே அட்டுவம்பட்டிக்குப் போனாள். அகிலன் ஜெர்க்கினுக்கு மேல் போர்வை போர்த்தி, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

“ஏலே, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பிளைட் விட்டது நீதானா?”

“விட்டது நான் இல்ல. தூரம் மட்டுந்தான் என் சோலி.”

“இல்லாத பிளைட்டுக்கு எதுக்குடா நேரம்?”

“இந்தா பாரு சேனா. கேள்வி என்ன? ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எம்புட்டு தூரம், பறந்தா எம்புட்டு நேரம். பறந்தா. பறக்குதான்னு ஒருத்தனும் கேக்கல.” அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். “தூரத்தை எண்ணூறால வகு. மேல ஏற, கீழ எறங்க அரை மணி கூட்டு. முடிஞ்சுச்சு. ஒரு நாளைக்கு முப்பது ஜோடி எழுதுவேன். நேத்து சும்மா நம்ம மலை ஊருங்க கூக்காலுக்கும் ஆடலூருக்கும் போட்டுப் பாத்தேன். கணக்கு வந்துருச்சு. முப்பத்து மூணு நிமிஷம்.”

“கூக்காலுக்கு பஸ்ஸே ஒழுங்கா வராது.”

“அதுனாலதான் பிளைட்.”

தேவசேனா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். தேய்ந்த பேரிங்கைப் பார்க்கிற பார்வை அது. மாற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று.

“எங்கப்பாகிட்ட வந்து இது சும்மா வகுத்தல் கணக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்குத் திங்கக்கிழமை வேலை போயிரும்.”

“சொல்லலாம். ஆனா மாமா நான் ஏவியேஷன்ல இருக்கேன்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்காரு.”

“உனக்குப் பொண்ணு குடுக்குற யோசனைகூட வச்சிருக்காரு.”

“யாரை?”

“என்னைத்தாண்டா.”

அகிலன் போர்வையைச் சரிசெய்துகொண்டான். “அப்ப சொன்னா அது நின்னுருமே” என்றான்.

“நிக்கும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

அவன் வெகுநேரம் யோசித்தான். பாப்பம்மாள் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்தபடியே யோசித்தான். கடைசியில், மாமா முகத்தில் விழிக்க முடியாது, வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறேன் என்றான். சேர்த்தான்: ‘பயணிகள் சென்னை வழியாகவும் செல்லலாம்.’ உண்மைக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் போய், கதவைத் தட்டாமல் திரும்புவது அவன் தொழில் தர்மம்.

வீட்டில் கந்தவேல் அந்த வரியைப் படித்துக் குதூகலமானார். “பாத்தியா? சென்னை வழியாவும் போவுதாம். நடுவுல எறங்கி டீ குடிக்கலாம்.”

“சரிப்பா. அதுலயே போவோம்” என்றாள் தேவசேனா. “நானும் வர்றேன். அப்படியே கோயம்புத்தூர்ல எறங்கி வேலையில சேந்துக்கிறேன்.”

“வேண்டுதல் முடிஞ்சா சேரு. முடியாட்டி என்கூடத் திரும்பி வரணும்.”

“முடியும்” என்றாள். அவளுக்குள் ஒரு திட்டம் உருவாகியிருந்தது. கீழே மலைக்கா பஞ்சம்? கொடைக்கானல்காரருக்குத் தெரிந்த திசை இரண்டே இரண்டு: மேலே, கீழே. ஏதாவது ஒரு மலை வரும்போது அதுதான் பழனி என்று சொல்லிவிட்டால் அப்பா கும்பிடுவார். பிறகு அவரவர் பிழைப்பு. அந்தப் பொய்க்காக அவள் வெட்கப்படவில்லை. பொய்யான இணையப் பக்கத்தை நம்பி மெய்யான டிக்கெட் எடுப்பவரிடம் வேறெந்த நாணயத்தில் வியாபாரம் செய்வது?

சனிக்கிழமை வெள்ளனே மதுரைக்குக் கிளம்பினார்கள். கந்தவேல் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, கையில் மயிலிறகு செருகிய ஒரு பித்தளை வேலோடு வாடகைக் காரில் ஏறினார். வேல் முழங்கை நீளம். பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாம் என்று அவள் சொன்னதற்கு, “முருகனை லக்கேஜுல போடுறதா?” என்றார்.

மதுரை விமான நிலையத்தின் சோதனையில் சீருடைக்காரர் வேலைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கூர்மையான பொருள் என்று இந்தியில் சொன்னார்.

“கூர்மையாத்தான் இருக்கும். அது வேல்” என்றார் கந்தவேல்.

வேல் தட்டுக்குப் போனது. அங்கே நகவெட்டிகள், ஒரு லைட்டர், யாரோ கொண்டுவந்த காய்கறிக் கத்தி ஆகியவற்றோடு அது படுத்துக்கொண்டது. கந்தவேல் மயிலிறகை மட்டும் உருவி எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். சீருடைக்காரரின் பெருந்தன்மையை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

விமானத்தில் ஜன்னல் சீட்டை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு அவள் நடுவில் உட்கார்ந்தாள். சக்கரம் தரையை விட்ட சற்று நேரத்தில், இறக்கைக்குக் கீழே, மேகக் கிழிசலுக்கு நடுவே பச்சையாக ஒரு மலை முதுகு காட்டியது. அழகர்மலை. மதுரையைச் சுற்றி நாலுமுறை போனவர்களுக்குத் தெரிந்துவிடும். கந்தவேல் மதுரைக்குப் போவதெல்லாம் டியூப்லைட் வாங்க.

“அப்பா, வெரசா. அந்தா.”

“எங்க? எங்க?”

“இறக்கைக்குக் கீழ. பச்சையா கெடக்கு பாருங்க.”

“கோபுரத்தைக் காணமே.”

“இம்புட்டு ஒசரத்துல கோபுரமா தெரியும்?”

அவர் மயிலிறகை மடியில் வைத்து, இரு கையையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் கும்பிட்டார். ‘முருகா, முருகா’ என்று முணுமுணுத்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தேவசேனாவுக்கு அவர்மேல் ஏதோ ஒன்று சுரக்கப் பார்த்தது. அதற்குள் அவர் செல்போனை எடுத்துவிட்டார். படத்தில் பாதி இறக்கை, கால்வாசி அவருடைய கட்டைவிரல், மிச்சத்தில் மேகமும் ஒரு மேடும்.

சென்னையில் இறங்கி போனை உயிர்ப்பித்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ‘வானத்திலிருந்து பழனி தரிசனம். வேண்டுதல் நிறைவேறியது. எல்லாப் புகழும் முருகனுக்கே. இப்படிக்கு கந்தவேல்.’ கும்பிடுகிற கைகள் மளமளவென்று விழுந்தன. பாப்பம்மாள் அத்தை அழுவதைக் குரல் பதிவாக அனுப்பினாள். குருநாதனிடமிருந்து சத்தமே இல்லை. “பாத்துட்டாரு. நீலக் குறி விழுந்துருச்சு. பேச்சு வரல” என்றார் கந்தவேல். டீ குடித்தார். அதன் விலையைக்கூட அவர் திட்டவில்லை.

இத்தோடு நின்றிருக்கலாம். இரண்டாவது விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும், வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், அவர் பணிப்பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பஸ் கண்டக்டரிடம் சொல்கிற அதே தோரணை.

“பழனி வந்தா சொல்லும்மா.”

“சார்?”

“போன பிளைட்டுல அவசரத்துல பாத்தது. இதுல இன்னொருக்கா நிதானமா கும்பிட்டுக்கிறேன்.”

அந்தப் பெண் தொழில்முறைப் புன்னகையை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்காமல் சொன்னாள். “இந்த ரூட்ல பழனி வராது சார். நாம சேலம், ஈரோடு பக்கமா போறோம். பழனி சவுத்ல இருக்கு.”

“மதுரையிலருந்து வரும்போது வந்துச்சே.”

“மதுரை டூ சென்னை வரும்போது பழனி ஆப்போசிட் சைடு சார். நான் பழனிக்குப் பக்கத்துல ஒட்டன்சத்திரம்தான், எனக்குத் தெரியும். தண்ணி வேணுமா?”

கந்தவேல் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். தேவசேனா, விமானம் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்ட அட்டையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர் வரும்வரை அட்டையைக் கீழே வைக்கவில்லை.

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் அவர் அவளுடைய பெட்டியைப் பிடுங்கி, படுக்கப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“அது எந்த மலை?”

“அழகர்மலை.”

“தெரிஞ்சேதான் சொன்னியா?”

“ஆமா.”

“பெருமாள் மலையைப் போயி…”

“அங்கயும் முருகன் இருக்காருப்பா. பழமுதிர்ச்சோலை அங்கதான் இருக்கு.”

“அது வேற பிராஞ்சு” என்றார் கந்தவேல். “நான் வேண்டுனது பழனிக்கு. வேண்டுதல் முடியல. கெளம்பு, வீட்டுக்குப் போவோம்.”

“திங்கக்கிழமை போகலைன்னா இந்த வேலை இல்லப்பா.”

“வேற வேலை வரும். அந்த நேரான பிளைட்டு எப்ப விடுறான்னு அகிலன்கிட்டக் கேப்போம்.”

அவர் அதை உண்மையாகவே சொன்னார். மூன்று விமான நிலையம் பார்த்து, பித்தளை வேலைப் பறிகொடுத்து, பெருமாள் மலையைக் கும்பிட்ட பிறகும், அவருக்கு அந்த நீலக்கோட்டின் மேல் சந்தேகம் வரவில்லை. தேவசேனா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். இழுக்கவில்லை. அதன்மேல் தொண்ணூறு கிலோ உட்கார்ந்திருந்தது.

“சரி” என்றாள். “கெளம்புவோம். அதுக்கு முன்னாடி முடியலைன்னு குரூப்ல போட்டுருங்க.”

“என்னது?”

“நிறைவேறியதுன்னு போட்டீங்கள்ல. நிறைவேறலைன்னு போடுங்க. பாத்தது அழகர்மலைன்னு போடுங்க. சாமி விஷயம், பொய்யா நிக்கக்கூடாது.”

கந்தவேல் போனைக் கையில் எடுத்தார். திறந்தார். கும்பிடுகிற கைகள் அதற்குள் ஒரு பக்கம் தாண்டியிருந்தன. அவர் கட்டைவிரல், படத்தில் கால்வாசியை மறைத்த அதே கட்டைவிரல், எழுத்துகளுக்கு மேலே தொங்கியது. இறங்கவில்லை. டாக்சிக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போது போன் ஒருமுறை அதிர்ந்தது. குருநாதனின் குரல் பதிவு. கந்தவேல் அதைக் காதோரம் வைத்தார். வயசாகிவிட்டதால் அவர் காதோரம் வைப்பது சுற்றியிருப்பவர்களுக்கும் கேட்கும்.

“தம்பி, இம்புட்டு வருஷம் நடந்து நான் என்னத்தக் கண்டேன். காலுதான் தேஞ்சுச்சு. நீ மேலருந்தே பாத்துட்ட. பெரிய ஆளுப்பா நீயி.” பிறகு ஒரு செருமல். “அந்த மேடு மாதிரி தெரியிறது இடும்பன் மலையா, பெரிய மலையா?”

கந்தவேல் அதை மறுபடி கேட்டார். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு, முதல் பாதியை மட்டும் மூன்றாம் முறையும் கேட்டார். போனை அணைத்துப் பையில் போட்டார். பெட்டியிலிருந்து எழுந்து, அதன் மேலிருந்த தூசியைத் தட்டினார்.

“திங்கக்கிழமை எத்தனை மணிக்கு சோலிக்குப் போகணும்?”

“ஒம்பதரைக்கு.”

“வெள்ளனே போயிரு. முதல் நாளே லேட்டாப் போனா மதிக்க மாட்டாய்ங்க.”

தேவசேனா தலையாட்டினாள். முருகன் அந்தப் பேச்சுவார்த்தையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. குரூப்பிலும் அவர் இல்லை.

சாயங்காலம் அப்பாவைப் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஜன்னல் சீட். மயிலிறகைச் சட்டைப் பையில் செருகியிருந்தார்.

“போற வழிதானப்பா. பழனியில எறங்கி மலையேறிக் கும்பிட்டுப் போங்க. விஞ்சு ரயில் இருக்கு, நடக்கக்கூட வேணாம். நெசமாவே முடிஞ்சுரும்.”

கந்தவேல் அவளை ஒரு விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“அதான் பாத்தாச்சுல்ல” என்றார். “எவனாவது தெரிஞ்சவன் படியில பாத்தான்னா என்ன நெனைப்பான்? பிளைட்டுல கும்பிட்டவன் எதுக்குத் திரும்ப வந்து நிக்கிறான்னு கேக்க மாட்டானா?”

பஸ் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை விடுதி அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே தேவசேனா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தூரம் அப்படியே இருந்தது. நாற்பத்து மூன்று நிமிடம் அப்படியே இருந்தது. கீழே புதிதாக ஒரு படம்: பாதி இறக்கை, கால்வாசி கட்டைவிரல், மிச்சத்தில் மேகமும் ஒரு மேடும். ‘வழியில் பயணிகள் பழனி மலையைக் கண்டு தரிசிக்கலாம்’ என்று அதற்கு ஒரு வரி.

அதன் அடியில் ஒரே ஒரு வாசகர் கேள்வி. குருநாதன், திண்டுக்கல்: ‘வரும் தைப்பூசத்துக்கு மூத்த குடிமக்களுக்கு ஜன்னல் சீட் கிடைக்குமா?’

பயண வல்லுநர் பதில் போட்டிருந்தார்: ‘கிடைக்கும்.’